மலிவுப் பருப்பு

ஜனவரி 17, 1974, வியாழன்

அம்முலு, இந்தக் காலண்டர் உனக்குப் பிடித்திருக்கும். தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். தேரடிக்குப் பக்கத்தில் மயில்வாகனம் என்று ஒருத்தர் பொங்கலன்று மலிவு விலை ஸ்டோர்ஸ் திறந்திருக்கிறார். முதலில் வருகிறவர்களுக்குக் காலண்டர் இனாம். என் கைக்கு வந்தபோதே பதினாறு தாள் பழசாகிப் போயிருந்தது. கிழித்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, எறிய மனம் வரவில்லை. உன் பென்சில் டப்பாவில் அரை பென்சில் கிடந்தது.

நான் நாலாவது படித்தவள். தப்பு இருக்கும். நீ இருந்தால் அடித்துத் திருத்துவாய்.

அந்தக் கடையில் கேட்டு வாங்க வேண்டாம். கம்பிக் கூடை கொடுக்கிறார்கள், நாமே உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம். ஒருத்தியும் எதையும் தொடவில்லை. எடுத்தால் திருடி என்பார்களோ என்று பயம். எதிர்வீட்டுப் பூவம்மாள்தான் முதலில் ஒரு சோப்பை எடுத்தாள். "என் கல்யாணத்துல கூட எவனும் இப்பிடி எடுத்துக்கோன்னு சொன்னதில்லமா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். நீ போன பிறகு முதல் தடவை.

ஜனவரி 22, செவ்வாய்

ரேஷன் அரிசியை மறுபடி குறைத்துவிட்டார்கள். ஸ்டோர்ஸில் துவரம்பருப்பு மூட்டை வாய் திறந்து வைத்திருக்கிறது. வெளியில் விற்கிற விலையில் பாதி. அரிசிக்குப் பதில் பருப்பை அரைத்து அடை சுடலாம், கஞ்சியில் போடலாம். தறிக்குழியில் உட்கார்ந்து நாளெல்லாம் மிதிக்கிற உன் அப்பாவுக்கு வயிறு நிறைய வேண்டாமா. அளந்து எடுத்து வந்தேன்.

எனக்கு இல்லை. நான் பருப்பைத் தொடுவதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். கடைசி நாள் காய்ச்சலில் பருப்புச் சோறு கேட்டாய். "கஞ்சிதான் குடிக்கணும், டாக்டர் சொல்லியிருக்காரு" என்று மிரட்டினேன். விடிவதற்குள் போய்விட்டாய். எட்டு வயசுப் பிள்ளைக்கு ஒரு வாய் பருப்புச் சோறு. அதனால்தான் விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடமும்.

பிப்ரவரி 9, சனி

பாஷா பாய் கடை வழியாக வரவேண்டியிருந்தது. பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். பத்து வருஷம் அவர் கடையில்தான் மளிகை. உனக்கு வெல்லத் துண்டு கொடுக்காமல் அனுப்பமாட்டார். பருப்பை அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்துவிட்டுத்தான் தராசில் கொட்டுவார். இன்று தலை நிமிர்ந்து பார்த்தார். தராசைத் துடைக்கக் குனிந்தார்.

அப்பா அடையைப் பார்த்துவிட்டு, "இன்னாமே, தினம் விருந்தா இருக்குது" என்றார்.

மார்ச் 3, ஞாயிறு

ஒன்று எழுத வேண்டும். எழுதக் கை வரவில்லை.

பருப்பு வேகும்போது அந்த மணம் வரும் பார். மஞ்சளும் பெருங்காயமும் சேர்ந்து தெருமுனை வரை போகும். நீ பள்ளிக்கூடத்துப் பையைக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து நிற்பாய். நீ போன பிறகு அந்த மணம் வந்தால் நெஞ்சில் குத்தும். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கிண்டுவேன்.

இன்று குத்தவில்லை. நேற்றும் இல்லை. யோசித்தால் ஒரு மாதமாகவே இல்லை. பருப்பு பாட்டுக்கு வேகிறது, நான் பாட்டுக்கு நிற்கிறேன்.

துக்கம் ஆறுகிறது என்றால் இதுதானா? உன்னை மறக்க ஆரம்பித்துவிட்டேனா?

மார்ச் 26, செவ்வாய்

பாய் கடை வாசலிலேயே பை கிழிந்தது. பருப்பெல்லாம் மண்ணில். வெட்கம் தாங்கவில்லை. பாய் எழுந்து வந்து என்கூடக் குனிந்து பொறுக்கினார். கொஞ்சத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"ஜெயம்மா, இது துவரை இல்லமா. துவரைன்னா வட்டமா இருக்கும். இது பாரு, மூலை மூலையா இருக்குது."

"விலை கம்மி பாய், அதான் அப்பிடி."

"நாக்பூர் பக்கம் எங்க மாமு சரக்கெடுக்கப் போவாரு. அங்க இத்தத் தின்னவன்லாம்..."

அவரை முடிக்க விடவில்லை. "உன் கடையில வாங்கலன்னு தானே பாய் பேசற?" என்று கேட்டுவிட்டேன். தெருவில் நாலு பேர் பார்த்தார்கள்.

பாய் கையிலிருந்ததைக் கிழிந்த பைக்குள் போட்டார். ஒன்று கூடக் கீழே விழாமல் போட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. ஆனாலும் பொழைப்பு போன வயிற்றெரிச்சல் யாருக்கும் இருக்கும்தானே.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. அப்பா காலையில் எழுந்ததும் கெண்டைக்கால் கட்டைபோல இறுகியிருக்கிறது என்றார். தேய்த்துவிட்டேன். "கெழவனாயிட்டேன்மே" என்று சிரித்தார். முப்பத்தாறு வயசு.

ஏப்ரல் 30, செவ்வாய்

கால் தறி மிதியில் நிற்காமல் நழுவுகிறதாம்.

மே 9, வியாழன்

பத்து நாளாகத் தறியில் சேலை நகரவில்லை. மிதியை அழுத்தினால் கால் எழும்ப மாட்டேன் என்கிறதாம், எழும்பினால் இறங்க மாட்டேன் என்கிறதாம். நடக்கும்போது முட்டி ஒன்றோடொன்று இடிக்கிறது. வாயு என்று நாட்டு வைத்தியர் எண்ணெய் கொடுத்தார். தெம்பாகச் சாப்பிடச் சொன்னார். அதனால் பருப்பைக் கூட்டிப் போடுகிறேன். காலையில் அடை, மத்தியானம் கெட்டிப் பருப்பு, ராத்திரி பருப்புக் கஞ்சி.

பூவம்மாள் தண்ணீர்க் குழாயடியில் மெதுவாகச் சொன்னாள். "ஜெயா, கோச்சுக்காதே. பொண்ணு அப்பன்மேல உசுரா இருந்துது. வருஷம் திரும்பறதுக்குள்ள துணைக்குக் கூப்புடுதோ இன்னாவோ. காலைப் புடிச்சித்தான் இழுக்கும்னு சொல்லுவாங்க."

குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 10, வெள்ளி

அம்முலு, நீயா?

மே 21, செவ்வாய்

உன் பாவாடை சட்டையை மஞ்சள் தண்ணீரில் அலசி, படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். அப்பாவை விட்டுவிடு என்று கேட்டேன். பெற்ற பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது. கேட்டேன்.

எனக்கு மட்டும் கால் நன்றாக இருக்கிறது. தண்ணீர்க் குடத்தோடு படி ஏறுகிறேன். அது எப்படி என்று குழாயடியில் பேசிக்கொள்கிறார்கள். நான் போனால் பேச்சு நிற்கிறது.

ஜூன் 2, ஞாயிறு

கருட சேவை. எத்தனை வருஷம் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா கூட்டத்தில் ஓடியிருக்கிறார். இந்த வருஷமும் போயே தீருவேன் என்று கிளம்பினார். கருடன் கோபுர வாசலைத் தாண்டும்போது கூட்டம் தள்ளியது. அப்பா கால் மாற்றி வைக்க முடியாமல் மரம்போல விழுந்தார். மிதிபடுவதற்குள் நாலு பேர் தூக்கிவிட்டார்கள். பெருமாளை அவர் பார்க்கவில்லை. வீடு வரும் வரை என் தோள்தான்.

குதிகால் தரையில் படவே இல்லை. விரல் நுனியில் நடக்கிறார்.

ஜூன் 5, புதன்

பூவம்மாள் புருஷன் அப்பாதுரை ஒரு மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு தெருவில் வந்தார். விரல் நுனியில். முட்டி இடிக்க.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அப்பாதுரையை நீ எதற்குக் கூப்பிடப் போகிறாய்? உன்னைக் கண்டாலே கத்துகிற மனுஷன். அப்படியானால் நீ இல்லை. நீ இல்லை அம்முலு. முதலில் அதுதான் தோன்றியது, சத்தியமாக. உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம்தான் இன்னொன்று தோன்றியது. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? பூவம்மாளும் நானும் ஒரே நாளில் கூடை எடுத்துக்கொண்டு ஒரே கடைக்குப் போகிறோம். ஒரே மூட்டையில் அளக்கிறோம்.

எங்கள் வீட்டில் அப்பா தின்று நான் தின்னாதது என்ன?

ஜூன் 6, வியாழன்

பாஷா பாயிடம் போனேன். ஒரு கை பருப்பைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோனேன். கடை வாசலில் நின்று, "பாய், அன்னிக்கு உன்னைப் பேசவுடல. நாக்பூர்ல இத்தத் தின்னவன்லாம் இன்னா ஆனான்?" என்று கேட்டேன்.

அவர் கல்லாவை மூடினார். "வீட்டுக்காரருக்கா ஜெயம்மா?" என்றார்.

"ஆமா."

"எத்தினி மாசமா?"

"நாலரை."

காகிதத்தை வாங்கி மறுபடி மடித்தார். "கோல் ஊனி நடப்பாங்கமா" என்றார். "ஊரே கோல் ஊனி நடக்கும். பஞ்சத்துல வேற தீனி இல்லாம தின்னவங்க."

அவர் திட்டியிருந்தால் தேவலை. ஒரு பொட்டலம் துவரை கட்டி என் கையில் வைத்தார். வாங்கவில்லை. வாங்க எனக்கு என்ன முகம் இருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

மெட்ராஸ் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. டாக்டர் சின்ன வயசுக்காரர். நான் கொண்டுபோன பருப்பைப் பார்த்ததும் அடுத்த மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். கேசரிப் பருப்பாம். பார்க்கத் துவரைபோல இருப்பதால் கலந்து விற்கிறார்களாம். கொஞ்சம் தின்றால் தெரியாது. அதையே ஆகாரமாக மாதக்கணக்கில் தின்றால் கால் நரம்பு செத்துவிடுமாம். உழைக்கிற ஆம்பிளைகளைத்தான் முதலில் பிடிக்குமாம்.

"நிறுத்திட்டா இதுக்கு மேல மோசமாகாது. ஆனா போனது முழுசாத் திரும்பாதும்மா" என்றார்.

அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க சாப்பிடலையா?" என்றார்.

இல்லை என்றேன்.

"ஏன்?"

அப்பாதான் சொன்னார். "கொழந்த சாவறப்போ பருப்புச் சோறு கேட்டுச்சி சார். குடுக்கல. அன்னிலேர்ந்து இவ தொடறதில்ல."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. பத்து மாதமாகத் தெரிந்துகொண்டே எதிரில் உட்கார்ந்து தின்றிருக்கிறார்.

ஜூலை 1, திங்கள்

ஸ்டோர்ஸில் பருப்பு மூட்டை இருந்த இடம் சுத்தமாகக் கூட்டியிருக்கிறது. அங்கே இப்போது பிளாஸ்டிக் வாளி அடுக்கியிருக்கிறார்கள். அதுவும் மலிவுதான். பூவம்மாளும் நானும் மீதிப் பருப்பைக் கொண்டுபோய் மயில்வாகனத்தின் மேசைமேல் வைத்தோம்.

"பில் இருக்குதாம்மா?" என்றார்.

பூவம்மாள் வெளியே கையைக் காட்டினாள். அப்பாதுரை கழியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். "அதோ நிக்குது பாரு பில்லு. எடுத்து உள்ள வச்சுக்கோ" என்றாள்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "மூட்டையாத்தான் எனக்கு வந்துதும்மா. துவரைன்னுதான் எழுதியிருந்துது" என்றார். பொய்யாகவும் தெரியவில்லை. அதிகாரிகள் வந்து சாம்பிள் எடுத்துப்போனார்களாம். கடை திறந்துதான் இருக்கிறது. நாங்கள் நிற்கும்போதே இரண்டு பேர் கூடையோடு உள்ளே போனார்கள்.

ஜூலை 19, வெள்ளி

தறிக்குழிமேல் பலகை போட்டு மூடச் சொன்னார் அப்பா. மூடினேன். இப்போது அதன்மேல் உட்கார்ந்து அடுத்த வீட்டுக்கு நூல் இழைத்துக் கொடுக்கிறார்.

ஆகஸ்ட் 10, சனி

அப்பா எதையும் நம்பித் தின்பதில்லை. உப்பைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். வெறும் கஞ்சி. இளைத்துவிட்டார். நான் தட்டு வைத்தால் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார், அப்புறம் தட்டை. ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் பார்க்கிறார்.

ஆகஸ்ட் 24, சனி

இன்று எழுத நிறைய இருக்கிறது. இன்றைய தாளில் பொடியாக எழுதுகிறேன்.

இன்று உனக்கு வருஷம் திரும்பிவிட்டது. உனக்குப் பிடித்ததைத்தானே படைக்க வேண்டும். பாஷா பாயிடம் போய்த் துவரை கேட்டேன். உள்ளங்கையில் பரப்பி, ஒவ்வொன்றாக என்னையும் பார்க்கச் சொன்னார். வட்டமாக இருந்தது. வெல்லத் துண்டு ஒன்றும் வைத்துக் கட்டினார், உனக்கு.

அடுப்பில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வந்தது அம்முலு, அந்த மணம். வீடெல்லாம் வந்தது. கரண்டியைப் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். நீ பையோடு வந்து நிற்கிற மாதிரியே இருந்தது.

அப்போதுதான் தெரிந்தது. துக்கம் ஆறவில்லை. அந்த ஸ்டோர்ஸ் பருப்புக்குத் துவரை மணமே இல்லை. நாலரை மாதம் என் மூக்கு அதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் உன்னை மறக்கிறேன் என்று நினைத்து அழுதுகொண்டிருந்தேன். ஒரு வாய், ஒரே ஒரு வாய் தின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

நெய் விட்டுப் பிசைந்து உன் படத்துக்கு முன்னால் வைத்தேன். கற்பூரம் காட்டினேன். அப்பா கழியை ஊன்றி வந்து பலகைமேல் உட்கார்ந்தார். மணத்தை இழுத்து இழுத்து முகர்ந்தார். கண்ணில் தண்ணீர். பரிமாறிய இலையில் கை வைக்கவில்லை.

"நல்ல துவரை. பாய் கடையிது" என்றேன்.

"தெரியுது."

"அப்புறம் இன்னா?"

"நீ மொதல்ல ஒரு வாய் துன்னுமே. நீ துன்னா நான் துன்றேன்."

சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. தாளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து இதை எழுதுகிறேன். அவர் அங்கே என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. உனக்குக் கொடுக்காத வாய் அது. என் சாவு வரைக்கும் தொடுவதில்லை என்று உன் தலைமாட்டில் நினைத்துக்கொண்டேன்.

தின்னட்டுமா, அம்முலு?