உங்கள் அப்பாவின் சின்னதுரை

இன்று காலை அலுவலகத்தில் பழைய மர அலமாரியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாடை முகத்தில் அடித்தது. ஈரம் ஊறிய காகித வாடையும் அதோடு கலந்திருந்தது. பக்கத்து மேஜைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்கப் போனார். நான் மட்டும் அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றேன், அக்கா. குன்னூர் சர்ச் அலுவலகத்தின் அந்த நீளமான மேஜையும், எதிரே குடையை மடக்கிக்கொண்டு உட்காரும் நீங்களும் ஞாபகத்துக்கு வந்தீர்கள்.

நீங்கள் கண்ணை மூடி ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. டெலிபோன்காரிக்குப் போய்க் கடிதம் எழுதுகிறாயே என்று நீங்கள் கேலி செய்வீர்கள். இருந்தாலும் எனக்கு எழுதத்தான் வரும்.

அப்போது நான் பி.ஏ. முடித்து ஊட்டியிலிருந்து வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் சிலோன் தோட்டத்தை விட்டுக் கப்பலேறி வந்து, இங்கே அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்து பறிக்கத் தொடங்கியவர்கள். மகள் படித்துவிட்டாள், இனி ஆபீஸ் வேலைதான் என்று தோட்டத்து வரிசை வீடுகளில், லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள். ஆபீஸ் வேலை கிடைக்கவில்லை. மழை ஈரத்தில் மக்கிக்கொண்டிருந்த சர்ச் பதிவேடுகளைப் பார்த்துப் புதிய புத்தகங்களில் எழுதித் தர ஆள் தேவை என்றார்கள். வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலை. எனக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது. கல்லூரியில் ஒருமுறை பின் வரிசைப் பெண்களைப் பார்த்து, பேசாமல் இருங்கள் என்பதற்கு “கதைக்காம இருங்க” என்று சொல்லப்போய் வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு சிலோன்காரி என்று பேர். பேசினால்தானே சிலோன் தெரியும் என்று நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

நீங்கள் சனிக்கிழமை தோறும் காலை ஷிப்ட் முடிந்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து நேராக வருவீர்கள். காது ஓரத்தில் ஹெட்போன் அழுத்திய தடம் இருக்கும். பூனைக் கண், செம்பட்டை முடி, வாயைத் திறந்தால் சுத்தமான கடைவீதித் தமிழ். வந்த முதல் நாளே நான் தலை நிமிராமல் எழுதுவதைப் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கே?” என்று கேட்டீர்கள். நான் சிரித்ததோடு சரி. உங்களையும் கடைவீதியில் வெள்ளக்காரி என்று கூப்பிடுவார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். காய்கறிக் கடைக்காரர் அப்படிக் கூப்பிட்டு, விலையையும் வெள்ளைக்காரிக்குச் சொல்வது போல ஏற்றிச் சொல்கிறார் என்று நீங்கள் குறைப்பட்டுக்கொண்டது நினைவிருக்கிறது.

உங்கள் தேடல் எதற்கு என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் அப்பா முந்தின வருஷம் இறந்திருந்தார். கடைவீதியில் ரொட்டி அடுப்பு வைத்திருந்தவர். ஜெகதளா பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பிறந்து, பால் மறந்த வயதிலேயே மிஷன் விடுதியில் விடப்பட்டு, குன்னூரிலேயே வளர்ந்தவர். நான் சின்னதுரையோட மகன் என்பார். அதைத் தவிர அவருக்குத் தன்னைப் பற்றி எதுவும் தெரியாது. குடித்தவர்கள் அதைச் சொல்லிச் சீண்டினால், அவர் மாவு பிசைந்த கையோடு வெளியே வந்து நிற்பாராம். கடைசி நாட்களில் உங்களிடம் கேட்டது ஒன்றுதான். என் கல்லறைக் கல்லில் அப்பா பேரையும் போடு. அந்தப் பேரைக் கண்டுபிடிக்கும் வரை கல் வைப்பதில்லை என்று நீங்கள் சிமெண்டுச் சிலுவையோடு நிறுத்தி வைத்திருந்தீர்கள்.

அந்தக் காலத்தில் அந்த எஸ்டேட்டின் பெரியதுரை வெதர்பி என்பவர். ஆகவே சின்னதுரை என்பது வெதர்பியின் மகன். நீங்கள் இப்படிக் கணக்குப் போட்டதில் ஆச்சரியமே இல்லை. கடைவீதியில் பெரிய முதலாளி என்றால் அப்பா, சின்ன முதலாளி என்றால் மகன். போதகர் ஐயாவும் அப்படித்தான் நினைத்தார். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று ஒவ்வொரு பதிவேடாக வெதர்பி வீட்டு ஆண்பிள்ளையைத் தேடினீர்கள். இரண்டு பெண் பிள்ளைகள் கிடைத்தார்கள். ஒரு ஆண் குழந்தை கிடைத்தது, அது தவழும் வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டிருந்தது. கடைசியில் யார் யாரிடமோ விசாரித்து, சீமையில் இருந்த வெதர்பியின் பேத்திக்கே கடிதம் எழுதினீர்கள்.

பதில் வந்த சனிக்கிழமை சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். குடும்ப வம்சாவளியைக்கூட வரைந்து அனுப்பியிருந்தார். எங்கள் தாத்தாவுக்கு வளர்ந்து ஆளான மகன் யாரும் இல்லை, தங்கள் தந்தை எதையோ தவறாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும், வருந்துகிறேன். நீங்கள் அதை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். முதலில் சிரித்தீர்கள். பிறகு குடையின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“எங்கப்பா பொய் சொல்லியிருக்காரு, கண்ணு. இல்லீன்னா, அவருகிட்ட யாரோ பொய் சொல்லியிருக்காங்க. ரெண்டும் ஒண்ணுதான்” என்றீர்கள்.

சின்னதுரையை வெதர்பியின் மகன் என்று நீங்கள் நினைத்திருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதுவரை உங்கள் அப்பா சின்னதுரைக்குப் பிறந்தவர் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். வெதர்பி பக்கங்களை ஏன் புரட்டுகிறீர்கள் என்று நானாகக் கேட்டதில்லை. வெதர்பியின் பதிவுகளில் எங்காவது சின்னதுரையின் பேர் சாட்சியாக வரும், அதற்காகத்தான் தேடுகிறீர்கள் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன்.

“அக்கா, சின்னதொரை பெரியதொரையோட மகன்னு யாருங்க சொன்னது?”

“இதை ஒருத்தர் சொல்லோணுமா? பெரியவரு அப்பன், சின்னவரு மகன்.”

“இல்லீங்க. தோட்டத்துல பெரியதொரைன்னா மேனேஜர். சின்னதொரைன்னா அவருக்குக் கீழ இருக்கற அசிஸ்டெண்டு. அவருக்கும் இவருக்கும் ஒரு சொந்தமும் கிடையாது. எங்க தோட்டத்துல சின்னதொரைக்குத்தான் தலை நரைச்சிருந்துச்சு. பெரியதொரை சின்னப் பையன் மாதிரி இருப்பாரு.”

நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் பயந்துபோய், தப்பாகப் பேசிவிட்டேனோ என்று நிறுத்திக்கொண்டேன். இன்னொரு தடவை சொல்லு என்றீர்கள். சொன்னேன். இந்தத் தடவை சரளமாகவே வந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூட்டி நிறுத்தும்போது சின்னதொரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவதையும், ஒருவர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருகிறவருக்கும் அதே பேர்தான் என்பதையும், எங்கள் அம்மா அவர்கள் நடையையெல்லாம் நடித்துக் காட்டுவதையும் சொன்னேன். கதைக்கிறது, பெரட்டு, தொரை என்று என் வாயிலிருந்து வந்த எதற்கும் நீங்கள் சிரிக்கவில்லை.

“அப்போ எங்கப்பா பொய் சொல்லல” என்று மட்டும் மெதுவாகச் சொன்னீர்கள்.

அடுத்த வாரமே இரண்டு பேரும் பஸ் பிடித்து ஊட்டி நூலகத்துக்குப் போனோம். எஸ்டேட் துரைமார்களின் பழைய ஆண்டுக் கையேடுகள் அங்கே இருந்தன. எஸ்டேட் பேர், மேனேஜர் பேர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் அசிஸ்டெண்ட் பேர். உங்கள் அப்பா பிறந்த சமயத்தில் அந்தச் சின்ன எழுத்தில் இருந்தது லோகன் என்ற பேர். நீங்கள் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, “லோகனா? நம்ம மார்க்கெட்ல முட்டைக்கோஸ் விக்கறவரு பேரு மாதிரியல்ல இருக்குது” என்றீர்கள். நூலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

குன்னூருக்குத் திரும்பி ஞானஸ்நானப் பதிவேட்டை மறுபடி எடுத்தோம். தாமஸ் என்று உங்கள் அப்பாவின் பேர் இருந்த வரியை நீங்கள் பலமுறை தாண்டிப் போயிருக்கிறீர்கள். தகப்பன் பேர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்ததாலும், வெதர்பி என்ற பேர் பக்கத்திலேயே இல்லாததாலும் அது வேறு யாரோ தாமஸ் என்று விட்டுவிட்டீர்கள். இப்போது ஞானத்தகப்பன் என்ற இடத்தைப் பார்த்தோம். லோகன். தகப்பன் என்று கையெழுத்துப் போட முடியாதவர், அந்த அளவுக்காவது வந்து நின்றிருக்கிறார். தாயின் பேர் ஆங்கில எழுத்தில் இருந்ததால் காலியா, காளியா என்று நாம் வாக்குவாதம் செய்தோம். காலி என்று எந்தப் பெற்றவர்களாவது பேர் வைப்பார்களா என்று சொல்லி நீங்களே தீர்ப்புக் கொடுத்தீர்கள். காளி.

லோகன் அதற்கப்புறம் எங்கே போனார் என்பதும் கையேட்டிலேயே இருந்தது. சிலோனுக்கு மாற்றலாகியிருந்தார். அதைப் படித்த அன்று நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தது இப்போதும் காதில் கேட்கிறது. “எங்க தாத்தன் உங்கூருக்குப் போயிட்டாரு. நீங்கெல்லாம் எங்கூருக்கு வந்துட்டீங்க. யாரு யாரைத் திருப்பி அனுப்பறதுன்னு கவர்மெண்டுக்கு ஒண்ணும் தெரியல பாரு.” எங்களைத் தாயகம் திரும்பியவர்கள் என்று எழுதி முத்திரை குத்தியதை வைத்து என்னால் அதுவரை சிரிக்க முடிந்ததில்லை. அன்று சிரித்தேன்.

சிலோனில் அவருக்குக் கல்யாணமாகி, மகள் ஆஸ்திரேலியா போய், அந்த மகளின் மகளை நீங்கள் கடிதம் போட்டுத் தேடிப் பிடித்து, அவளிடமிருந்து ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து உங்களுக்கு வந்து சேர மேலும் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. உள்ளே அவளுடைய போட்டோவும் இருந்தது. உங்கள் அப்பாவின் அதே முகவாய். எக்ஸ்சேஞ்சில் போர்டுக்குப் பக்கத்தில் அதைச் செருகி வைத்துவிட்டு, வந்தவர் போனவர்களிடமெல்லாம் என் அத்தை மகள் என்று காட்டினீர்கள்.

அதற்கு முன்பே கல் வைத்தாகிவிட்டது. லோகன் பேர் மட்டும் போதாது, பெற்றவள் பேரும் வர வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தீர்கள். காளி என்ற பேர் கல்லறைத் தோட்டத்தில் வரலாமா என்று யாரோ கேட்டதற்கு, போதகர் ஐயா, பதிவேட்டில் வரலாம் என்றால் கல்லிலும் வரலாம் என்று முடித்துவிட்டார். கல் கொத்துகிறவர் மட்டும் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, லோகநாதன்தானுங்களே? சுருக்கிப் போட்டிருக்கீங்களா?”

“சுருக்கமில்லீங்க. அவரு பேரே அவ்வளவுதான்” என்றீர்கள் நீங்கள்.

தாமஸ். காளி, லோகன் ஆகியோரின் மகன். கல்லைக் கழுவிவிட்டு நீங்கள் அதைச் சத்தமாக ஒருமுறை வாசித்தீர்கள், டிரங்க் கால் போடும்போது பேசும் அதே குரலில். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ அன்னைக்கும் வாயைத் திறக்கலீன்னா, எங்கப்பா பொய்க்காரராவே கிடந்திருப்பாரு கண்ணு” என்றீர்கள். நான் குனிந்து கல்லோரத்துப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

எனக்கு இப்போது தாலுகா அலுவலகத்தில் வேலை. லயத்தில் சொல்லி வைத்த ஆபீஸ் வேலைதான். சிலோனிலிருந்து வந்தவர்கள் வீட்டுக் கடனுக்கும் பென்ஷனுக்கும் பிறப்புச் சான்றுக்கும் என்னிடம்தான் வருகிறார்கள். அவர்கள் சிலோனிலிருந்து கொண்டுவந்த கார்டில் தோட்டத்தின் இங்கிலீஷ் பேர் இருக்கும், அவர்களுக்கு அந்தப் பேர் தெரியாது. அதைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள், பொய் சொல்கிறார்கள் என்று மற்றவர்கள் குறித்துக்கொள்வார்கள். நான் கார்டை ஓரமாக வைத்துவிட்டு, உங்க ஆளுங்க அந்தத் தோட்டத்தை எப்படிங்க கூப்பிடுவாங்க என்று முதலில் கேட்கிறேன். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று எந்த வார்த்தையையும் நான் இப்போது விழுங்குவதில்லை. அவர்களையும் விழுங்க விடுவதில்லை.

நேற்று சேரங்கோட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். விண்ணப்பத்தோடு மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டவராம். நாற்காலியில் உட்காரவே கூச்சப்பட்டார். நான் அந்தக் கேள்வியைக் கேட்டதும் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்களும் அங்கிட்டுத்தானா, தாயி?” என்றார்.

“ஆமாங்க” என்றேன். “உக்காந்து கதைங்க.”