அப்பா யாரிடம் சொன்னார்

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையில் கடும் பனி. அணைக்குப் பின்னால் மலையே தெரியவில்லை. அம்மாவின் வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. ஒடிந்தது முன்கையின் ஆர எலும்பு. போன மாதம்தான் அதைப் படம் வரைந்து பாகம் குறித்து முழு மதிப்பெண் வாங்கினேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் எனக்கே மாறிவிடும். கரும்பு வெட்டில் புருஷன் பெண்டாட்டி ஒரு ஜோடி. அப்பா வெட்டுவார், அம்மா காய்ந்த சோகையைக் கழித்துக் கரும்பைக் கட்டுவாள். வியாழக்கிழமை லாரியில் ஏற்றும்போது எங்கள் கரும்புக்கட்டுகள் அவிழ்ந்தன. மேஸ்திரி எல்லார் முன்னாலும், "பொண்டாட்டிய ஒழுங்கா கட்ட வெக்கத் தெரியல, நீ இன்னாயா ஆம்பள?" என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவைத் தள்ளினார். அம்மிக்கல்லில் கை அடிபட்டது. அப்பா குடித்திருக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் அப்பா: "வரப்புல வழுக்கி வுழுந்துட்டாங்க." அம்மாவும் தலையாட்டினாள்.

பிப்ரவரி 5, புதன்

அப்பா சமையல். சோறு குழைந்தது, ரசத்தில் உப்பு ஜாஸ்தி. என்னைச் செய்ய விடவில்லை. "நீ படி." வெள்ளிக்கிழமை கணக்குத் தேர்வு.

அம்மாவுக்கு அப்பாதான் தலை வாரிப் பின்னுகிறார். கதவைச் சாத்திக்கொண்டு. அம்மாவின் புடவையைத் துவைத்து வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுகிறார். வீடெல்லாம் ஈர வாடை.

சீப்பை மெதுவாக இழுக்கிறார். சிக்கு வந்தால் நிறுத்தி விரலால் எடுக்கிறார். தள்ளியதும் இதே கைதான். இரண்டையும் ஒரே ஆளிடம் எப்படி வைப்பது?

பிப்ரவரி 9, ஞாயிறு

இப்போது அப்பாவே வெட்டி, அப்பாவே கட்டுகிறார். அவிழ்கிறது. வயலில் ஒருத்தர் அப்பாவைப் பார்த்து: "இன்னாக்கா, இன்னிக்கு பூ வெச்சிக்கினு வர்லியா?" ஒரே சிரிப்பு. அப்பா அவிழ்ந்த கட்டை மறுபடி கட்டினார்.

சாயந்திரம் அம்மா இடது கையால், கட்டுக்குக் கயிறாகிற கரும்பு நுனிக் கொழுந்தாடையை முறுக்கி அப்பாவுக்குக் காட்டினாள். "ரெண்டு முறுக்கு. அப்பறம் உள்ள சொருவு."

தலை பின்னுவது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. குழாயடியில் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா: "உங்கம்மா குடுத்து வெச்சவடி. எங்க வூட்டுக்காரரு, நான் ஜுரத்துல கெடந்தாகூட ஒரு டீ போட மாட்டாரு." எல்லாரும் ஆமாம் போட்டார்கள். கை எப்படி ஒடிந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சொல்ல வாயெடுத்தேன். குடம் நிறைந்துவிட்டது. வந்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னதற்கு: "அத சொல்ல வேண்டியது நீ இல்ல."

பிப்ரவரி 16, ஞாயிறு

ரிஷிவந்தியத்திலிருந்து மாமா வந்தார், அம்மாவின் தம்பி. ஆட்டுக்கால் கொண்டுவந்தார், எலும்புக்கு நல்லதாம். அப்பாவுக்கு ஒரு புதுத் துண்டு.

"அக்காவ பச்சக் கொழந்த மாரி பாத்துக்கிறியாம் மாமா. எங்க ஊர் வரைக்கும் பேசிக்கினு கீறாங்க." மாமா துண்டை எடுத்து அப்பா தோளில் போர்த்தினார்.

அப்பா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வாணாம் மச்சான். அவ வரப்புல வுழுவல. நான்தான் தள்ளனேன்."

குக்கர் விசில் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மாமா அடிப்பாரா? அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாரா? அப்புறம் என் பள்ளிக்கூடம்? மாமா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "வுடு மாமா. எந்த வூட்ல இல்ல?" துண்டை மறுபடியும் போர்த்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அப்பாவைவிட மாமா மேல்தான் கோபமாக இருக்கிறது. சரியா என்று தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி. மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடையதோ போல. "விரல மூடுங்கம்மா. இன்னும்." மூடவில்லை. எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறதாம். டாக்டரம்மா, "பயிற்சி செய்யுங்க, பாக்கலாம்" என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அம்மா. வழியெல்லாம் கரும்பு லாரிகள்.

மார்ச் 16, ஞாயிறு

அனல். வயலுக்குச் சோறு எடுத்துப்போனேன். மேஸ்திரி அப்பாவிடம், "மாவுக்கட்டு பிரிச்சாச்சாமே? நாளைலேந்து அவள அனுப்பு. ஒத்த ஆளா நீ எப்ப முடிக்கறது?"

அப்பா அரிவாளைக் கீழே வைத்தார். "வர மாட்டா. அந்தக் கை இனி கட்டாது. நான்தான் ஒடச்சேன். நீ கேட்டதுக்கு உன்கிட்ட பேசாம அவள போய் தள்ளனேன்."

வெட்டுகிற சத்தம் நின்றது. ஒருத்தரும் கேலி செய்யவில்லை. செல்வி அக்கா பாதி கட்டிய கரும்பை அப்படியே போட்டுவிட்டு அப்பாவையே பார்த்தார். மேஸ்திரி லாரிப் பக்கம் போய்விட்டார்.

சாயந்திரம் அம்மாவிடம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன் போல. அப்பா வாசலில், தெருவே பார்க்க, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே கேட்டாள்.

"உன் மாமன்கிட்ட சொன்னாரு. மேஸ்திரிகிட்ட சொன்னாரு. கரும்புக் காட்டுக்கே சொல்லிட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னாரா?"

வாசலில் பாத்திரச் சத்தம் நின்றது.