கெட்டி ஆயில்

12.7.2006, புதன்

ரிங் மாற்றும் இன்ஜின் வேலை முடிந்து வேனை இன்று மத்தியானம் வீரபாண்டிப் பட்டறையிலிருந்து எடுத்தேன். கழற்றிய சாமானை வண்டிக்காரன் கையில் கொடுப்பதுதான் வழக்கம். பழைய பிஸ்டன் ரிங்குகளைக் கேட்டேன்.

"பழைய இரும்புக்காரன் அள்ளீட்டுப் போயிட்டானுங்க" என்றார் மெக்கானிக். என் முகத்தைப் பார்க்கவில்லை.

போன வாரம் வரை பின்னால் வருகிறவன் கண்ணை மறைத்த புகை, இன்று துளிகூட இல்லை. புது ரிங் படியும்வரை கொஞ்சமாவது புகையும்; அதுதான் உறுத்தியது. முதலிபாளையம் தாண்டி, ஆளில்லாத இடத்தில் நிறுத்தினேன். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பனியன் வேஸ்ட் துணியில் துடைத்தேன். ஆயில் பாகு மாதிரி இழுத்தது. தேய்ந்த ரிங்கை மாற்றாமல் புகையை மட்டும் அடக்க நினைப்பவன்தான் இவ்வளவு கெட்டியாக ஊற்றுவான். நாலு லோடு தாங்கும், அப்புறம்?

வீட்டில்கூடச் சொல்லவில்லை. சாயங்காலம் மச்சான் போன் செய்தார். அந்தப் பட்டறையைக் காட்டிவிட்டதே அவர்தான்.

"மாப்ள, ஆயில் கெட்டியா இருக்குதேன்னு ரோசன பண்ணாதீங்க. புது ரிங்குக்கு அதுதானுங்க நல்லது."

"செரிங்க மச்சான்" என்று வைத்துவிட்டேன்.

நான் ஆயிலைப் பார்த்தது எனக்கும் அந்தப் பனியன் வேஸ்டுக்கும் மட்டும்தான் தெரியும்.