பிளேயருக்குள் அந்தோணியார்

சாண்ட்ரா காலைப் பூசைக்குப் போயிருந்தாள். அவள் திரும்பும்வரை வால்டரால் காத்திருக்க முடியாது. எண்ணூருக்குச் சவாரி இருந்தது. அவன் ஓட்டும் வேனின் பிளேயரில் சிக்கிய சிடியை நேற்று மெக்கானிக் பிரித்தெடுத்தபோது மூண்ட சண்டையிலிருந்து கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அழுத்தி அழுத்தி எழுதினான்.

"சாண்ட்ரா, மீன் கொழம்ப சுட வெச்சிட்டேன். மெக்கானிக் டில்லிபாபு ஸ்குரூ டிரைவர மறந்துட்டுப் போய்ட்டான், வந்தா குடு. சிரிச்சான்னா கண்டுக்காதே.

சிடி மேல அந்தோணியார் ஸ்டிக்கர் ஒட்றவ இந்த ராயபுரத்துலயே நீ ஒருத்திதாம்மே! வண்டி வெயில்ல நின்னா பசை இளகி உள்ள ஒட்டிக்கும்னு எத்தினி தபா சொன்னேன்? சிடிய முந்தானையால வட்டமா வேற தேய்க்கிற. நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் துடைக்கணும். உன் தம்பி குடுத்த எம்பித்ரீ சிடி இதுல பாடாது, அதையும் சொருவித் தொலைக்காதே."

பேனாவை மூடிவிட்டு வாசல்வரை போனவன், திரும்பி வந்து தாளின் அடிப்பகுதியில் நுணுக்கி எழுதினான்.

"எனக்குத் துணையா இருக்கட்டும்னுதான் ஒட்னேன்னு நேத்து அழுதே. பிளேயருக்குள்ள குந்திகினு இருந்தா அவருக்கு ரோடு எப்டிமே தெரியும்? உரிச்சி ஸ்டீரிங்காண்ட ஒட்டிக்கீறேன். கிழிஞ்சதுல ஒரு கண்ணுதான் மீந்துது. எண்ணூர் ரோட்டு லாரிங்களுக்கு அது பத்தாது. சாயங்காலம் கோயிலாண்ட முழுசா ஒண்ணு வாங்கி வையி."