கருவாடு காய்ந்த விரிப்பு

மச்சான்,

இன்று காலை கனமூலைக்கு அப்பால் உள்ள நம் தேக்கந்தோட்டத்தில், ட்ரோன் வந்து இறங்கும் விரிப்பை உதறி விரித்தேன். கருவாட்டு வாசம் குப்பென்று வந்தது. உன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய ட்ரக்டர்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதக் கழுவுறல்லையா?" என்று கேட்டார். எத்தனை தரம் கழுவினாலும் போகாது என்றேன். உண்மையில் ஒரு தரமும் கழுவவில்லை. நீ மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு நடக்கும் முதல் மரவெட்டு இது.

ஆரம்பத்தில் என் ட்ரோனை உன் கண்ணில் காட்டக்கூடாது. வெட்டிய மரத்தை ட்ரக்டரில் கட்டித் தோட்டத்தின் குறுக்கே வீதிவரை இழுப்பது உன் வேலை. நீ போன வழியெல்லாம் இளங்கன்றுகள் முறிந்து கிடக்கும். நான் மேலிருந்து படமெடுத்து, கன்றுகள் குறைந்த இடமாகப் பார்த்து ஒரே பாதை கீறித் தருவேன். நீ அதை விட்டு விலகக்கூடாது. "மேல நிண்டு பாக்கிற உனக்கென்ன? கீழ டீசல் எரிக்கிறவன் நான்" என்பாய். மரவெட்டைக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரரும் உன் பக்கம்தான். ஒரு நாள், அன்று மாலைக்குள் என் படம் வராவிட்டால் பழையபடி நேராகவே இழு என்று உன்னிடம் சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்ட நாளிலா உனக்குக் கருவாடு காயப்போடத் தோன்றியது? கண்டக்குழியிலிருந்து உன் மனைவியின் தம்பி கொடுத்தனுப்பிய கட்டாக் கருவாடு சரியாகக் காயவில்லையாம். அப்படியே கொண்டுபோனால் வீட்டில் ஏச்சு விழுமாம். நான் ட்ரோனை ஏற்றிவிட்டுத் திரையில் கண்ணை வைத்திருந்த நேரம், நல்ல வெயிலில் கிடந்த என் செம்மஞ்சள் விரிப்பு உன் கண்ணில் பட்டுவிட்டது. "சும்மாதானே கிடந்திச்சு" என்று பிறகு நியாயம் வேறு சொன்னாய்.

ட்ரோன் திரும்பி வந்தபோது விரிப்பைக் காணவில்லை. காகக் கூட்டம்தான் தெரிந்தது, அதற்கு மேலே பருந்துகள். பேட்டரி தீர்கிறது என்று என் கையிலிருந்த கருவி கத்தியது. சுற்றிவர மரம். இறங்க வேறு இடமில்லை. நீ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் கட்டியிருந்த கட்டம் போட்ட லேஞ்சியை அவிழ்த்து வீசி வீசி ஓடினாய். ஒரு காகமும் உன்னை மதிக்கவில்லை.

"மீனக் காப்பாத்தவா, உன்ட மிசினக் காப்பாத்தவா?"

நான் வாய் திறக்குமுன் நீயே கருவாட்டை அள்ளி அள்ளித் தூர எறிந்தாய். பறவைகள் அதன் பின்னால் போயின. ட்ரோன் இறங்கியது. படமும் தப்பியது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவிருந்த உன் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்போதுதான் லேஞ்சியைக் காணவில்லை என்று தேடினாய். "நீதான் எடுத்து ஒளிச்சிரிக்கிறாய்!" என்றாய். அதன் பிறகு என்னை எங்கே கண்டாலும், "என்ட லேஞ்சி எங்க?" என்பதுதான் உன் முதல் கேள்வி.

அன்று ஒரு செம்பருந்து மீனோடு பக்கத்திலிருந்த முதிர்ந்த தேக்கில் போய் இறங்கியது. அங்கே கூடு. நான் கீற நினைத்த பாதை அந்த மரத்தை வெட்டினால்தான் போகும். பாதையை வளைத்தேன். "மீனத் திண்டது அது, சுத்திப் போறது நான்" என்று முணுமுணுத்தபடியே அந்த வளைவில் ட்ரக்டரைத் திருப்புவாய். ஆனாலும் கொந்தராத்துக்காரர் மரத்தை எடுக்கச் சொன்னபோது நீதானே இறங்கிவந்து, "எங்கட கருவாட்டில வளந்த குஞ்சு, சேர். தொட ஏலா" என்றாய்! எனக்கு உன்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

இன்று அவர் மறுபடி வந்தார். "கூடு வெறுமையா கிடந்தா மரத்த எடுப்பம். பாதைய நேராக்குவம்" என்றார். உன்னைப் போல வாதாட எனக்கு வராது. ட்ரோனை ஏற்றி, பறவை மிரளாத உயரத்தில் நிறுத்திப் படத்தைப் பெரிதாக்கினேன். கூட்டில் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. கொந்தராத்துக்காரர் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மரம் நிற்கும், பாதையும் உன் வளைவிலேயே போகும்.

அவர் போன பிறகு படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். குஞ்சுகளுக்கு அடியில், வெயிலில் வெளுத்துப்போன கட்டம் போட்ட துணி. புதிய ட்ரக்டர்காரர் பார்த்திருக்க, விரிப்பில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுதேன்.

நான் எடுக்கவில்லை, மச்சான்.