செல்வி ஒட்டிய ஸ்டிக்கர்

2006, ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

காலையில் தாராபுரம் ரோட்டில் நான் ஓட்டும் பனியன் கம்பெனி வேனில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். செக்கிங் வேலை செய்கிற செல்வி, ஏறும்முன் பின்சக்கரத்தைத் தடவிப் பார்த்தாள். பனியனில் ஓட்டை தேடிப் பழகிய கை அது. போன வாரம் என் சட்டையில் தையல் விட்டதையும் அவள்தான் சொன்னாள்.

"ஏனுங்கண்ணா, டயரு பக்கவாட்டுல வீங்கியிருக்குதுங்க."

"ஒண்ணும் ஆவாது, ஏறு அம்மிணி. லேட்டாச்சு."

அவள் ஏறவில்லை. பழுதுத் துணியில் ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து வீக்கத்தின் மேல் ஒட்டினாள்.

"இது ரிஜெக்ட்டுங்க."

வேனே சிரித்தது. எனக்குக் கோபம்தான். ஆனாலும் ஸ்டெப்னி மாற்றினேன்.

மத்தியானம் பஞ்சர் கடைக்காரர் டயரைப் பார்த்து, "உள்ள நூலு அறுந்துபோச்சுங்க. ரோட்டுலயே வெடிச்சிருக்கும்" என்றார். போன வாரம் வேனைக் குழியில் வேகமாக இறக்கியது நான். வேனில் பதினாறு பேர்... அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

முதலாளி புது டயருக்கு ஒத்துக்கொண்டார். சாயங்காலம் கிளம்பும்முன் நான்கு சக்கரத்தையும் நானே குனிந்து தடவினேன்.

"மெதுவாத் தடவுங்கண்ணா, அவசரப்பட்டா கைக்குத் தெரியாதுங்க" என்றாள் செல்வி.

பதினாறு பேரும் கீழேயே நின்றார்கள். ஒருத்தர்கூட நேரமாச்சு என்று சொல்லவில்லை.