பெரியம்மாவுக்கு நான்கு நாள்

அக்கா, நீ இருந்தால் முதலில் பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்பாய். அதனால் அதையே முதலில் எழுதுகிறேன். மகள்வழிப் பேரன் இன்ஜினியரிங் முடித்து விமான் நகரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போகிறான். அவன் தங்கை பத்தாவதில் பள்ளிக்கே முதலாக வந்தாள், அதுவும் மராத்தியில் மராத்திப் பிள்ளைகளைவிட அதிக மார்க். நீ வளர்த்தாயே என் மகன், அவனுடைய சின்னவள் தார் எஸ் சலாமில் ஓட்டப் பந்தயத்தில் மெடல் வாங்கியிருக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் வீட்டில் பிறந்ததுகளைப் பார்த்தாயா.

இன்று தபாலில் அவன் வருடாவருடம் அனுப்பும் தாள் வந்தது. டான்சானியாவின் அடுத்த வருடத்து விடுமுறைப் பட்டியல். கவரைப் பிரித்ததுமே தலை உன்னைத் தேடி அடுக்களைப் பக்கம் திரும்பிவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் அவன் அங்கே வேலைக்குப் போனபோது நம் வீட்டில் போன் கிடையாது. கீழ்வீட்டு மராத்தி அம்மாள்தான், “பெரியம்மா, ஃபோன் ஆலா” என்று மாடிப்படியில் நின்று கூப்பிடுவாள். அவளுக்கும் நீ பெரியம்மாதான். லீவு நாளில்தான் அவனால் ஆற அமரப் பேச முடியும். அதனால் அந்த நாட்டு லீவெல்லாம் உனக்கு மனப்பாடம்.

“ஏட்டி, ஏழாம் மாசம் ஏழாந்தேதி அங்க லீவு. இந்த வருசம் திங்கக்கெழம வருது. ஞாயித்துக்கெழமயோட சேத்து ரெண்டு நாளு. கடைக்குப் போறேன்னு எங்கயும் கெளம்பிராத.”

“நம்மூரு லீவு ஒண்ணாவது உனக்குத் தெரியுமாக்கா?”

“நம்மூரு லீவுல எனக்கு யாரு போன் பண்ணுதா?”

என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, “மதினிய அந்த நாட்டு மந்திரியாவே ஆக்கிரலாம்” என்பார்.

ரம்ஜான் மட்டும் உனக்குப் பிடிபடவில்லை. பிறை தெரிந்தால்தான் அங்கே லீவு என்று அவன் சொல்லிவிட்டான். அன்று சாயங்காலம் விஷ்ராந்த்வாடி வீட்டு மொட்டை மாடியில், காயப்போட்ட வத்தலுக்கு நடுவே, கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு நீ வானத்தையே பார்த்து நின்றாய். “நமக்கு எதுக்குக்கா பிறை?” என்றேன். “புள்ளைக்கு லீவு வேணும்லா” என்றாய்.

அவன் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது எனக்குக் காமாலை வந்து படுத்தேன். அத்தானும் போய், பிள்ளையும் இல்லாமல் தனியாக இருந்த நீ திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்தாய். எனக்கு மூன்று மாதத்தில் உடம்பு தேறியது. ஆனால் அவன் உன் பாயைவிட்டு என் பாய்க்குத் திரும்பவே இல்லை. முதலில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

நீ போன அன்று காலையில் காபி குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்தாய். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. அவன் ஆபீசுக்குப் போன் செய்தோம். நான்தான் வந்து கொள்ளி வைப்பேன் என்று அழுதான். ஆனால் அந்த வருடத்து லீவு இருபத்தெட்டு நாளையும் கோடையிலேயே உன்னோடு இருந்து தீர்த்திருந்தான். அதற்கு மேல் அந்த நாட்டுச் சட்டத்தில் மிச்சம் இருந்தது துக்கத்துக்கான நான்கு நாள்தான். அது அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை, கூடப்பிறந்தவர், தாத்தா, பாட்டி என்று நெருங்கிய உறவு பார்த்துக் கொடுப்பது. அம்மாவின் அக்கா அதில் இல்லை.

லீவு பார்க்கிற அதிகாரி ஒரு பெண். புத்தகத்தைப் பார்த்துவிட்டு முடியாது என்றிருக்கிறாள். பிறகு, “அவரை நீ எப்படிக் கூப்பிடுவாய்?” என்று கேட்டாளாம்.

“பெரியம்மா. பெரிய அம்மா என்று அர்த்தம்.”

அவள் புத்தகத்தை மூடிவிட்டாளாம். “எங்கள் வீட்டிலும் அம்மாவின் அக்கா பெரிய அம்மாதான். என்னை வளர்த்ததும் அவள்தான்” என்றவள், தாளில் உறவு என்ற இடத்தில் அம்மா என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாளாம்.

அடுத்த நாள் மதியம் வந்து சேர்ந்தான். ஐஸ் பெட்டியில் நீ காத்திருந்தாய். கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் காரியத்துக்கு இருக்க முடியவில்லை. கிளம்பும்போது, “பேப்பர்ல அம்மான்னு எழுதியாச்சும்மா” என்றான், ஏதோ தப்புச் செய்தவன்போல.

அழுதுகொண்டே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப எனக்கு என்னல எழுதுவ?” என்றேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவன் குனிந்து பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினான்.

அதற்கு அடுத்த வருடம் பதினான்கு நாள்தான் வந்தான். வேலை அதிகம் என்றான். அதற்கடுத்த வருடமும் பதினான்குதான். போன மாதம் மருமகள் போனில் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். “அத்தே, அவிய பாதி லீவ உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்காவ.”

“எனக்கா? எனக்கு என்னத்துக்கு?”

“அடுப்புல பால் பொங்குது அத்தே” என்று போனை வைத்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, அக்கா. மூன்றாம் நாள் போனில் அவனைப் பிடித்தேன். “ஏல, அந்த லீவு வருசம் முடிஞ்சா என்ன ஆகும்?”

“போயிரும்மா.”

“ரெண்டு வருசமா நான் சாவல. உன் லீவுதான் செத்துப் போச்சு.”

“அம்மா, அப்படிப் பேசாத.”

“கொள்ளி வைக்க உன் தங்கச்சி மவன் இருக்கான், வண்டியெடுத்தா கால் மணி நேரம். உன் கையால எனக்கு நெருப்பு வேண்டாம். ஒரு வாய் காபி போட்டுக் குடு. உயிரோட இருக்கையிலே வா.”

கடைசியில், மே மாதம் இருபத்தெட்டு நாளும் வருகிறேன் என்றான்.

உன்னிடம் வாங்கிக்கொண்டே இருந்தவள் நான். உனக்கென்று நான் கொடுத்தது, அம்மா என்ற பெயரில் எனக்கிருந்த அந்த நான்கு நாள்தான். அதை நினைத்தால் மனசு நிறைகிறது.

அவனுக்கும் இன்று என் கையாலேயே ஒரு கடிதம் எழுதினேன். தாளில் உன்னை அம்மா என்று எழுதிய அந்த அதிகாரியைப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பழசு வேண்டாம், புதிதாக எடுத்ததாக இருக்கட்டும். அவளை வளர்த்த பெரியம்மா இன்னும் இருந்தால், அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து.